கவரில் வந்த கட்லா

மாசி பாதி கடந்திருந்தது. அரும்பாவூர் பெரிய ஏரியில் தண்ணீர் கரையை விட்டு இறங்கி, கோரை முளைத்த விளிம்பு வெளியே தெரிந்தது. வெளியூர்க்காரர்களுக்கு அரும்பாவூர் என்றால் மரச்சிற்பம். 2020-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கும் இந்த ஊருக்கு உளி எவ்வளவு சொந்தமோ, ஏரியும் அவ்வளவு சொந்தம். மலையில் பெய்யும் மழை ஓடைகளிலும் கல்லாற்றிலும் இறங்கி வந்து ஐப்பசி, கார்த்திகையில் ஏரியை நிரப்பும். தை அறுவடை முடிந்து மதகு அடைபட்ட பிறகு, மிச்சத் தண்ணீரில் மீன் கூடிக்கொள்ளும். மாசி, பங்குனிதான் தூண்டில் போடத் தோதான காலம்.

அன்று கரையோரம் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற வயது. மூங்கில் கழி, நைலான் நரம்பு, பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய தக்கை, தவிடு கலந்து பிசைந்த மைதா மாவு. வேறு எதுவும் இல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்துகொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் முன்னால் மாவு விழும்படி வீசினான். தக்கை இரண்டு தடவை தலையாட்டியது. பிறகு சரிந்து படுத்தது, சட்டென்று உள்ளே போனது. இழுத்தான். உள்ளங்கை நீளத்துக்கு, வெயில் பட்ட பித்தளை மாதிரி மின்னும் மீன். மேலுதட்டு ஓரத்தில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு மீசை.

பக்கத்தில் ஒரு பெரியவர் ஒயர் பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பைக்குள் வலையில் பிடித்த கட்லா, முக்கால் கிலோ இருக்கும். பெரிய தலை, வானத்தைப் பார்த்துத் திறந்த வாய்.

“தாத்தா, என் மீனுக்கு மீசை இருக்கு. உங்க மீனுக்கு இல்லையே?” என்றான் பையன்.

“உன் மீனு இங்கனயே பொறந்தது தம்பி. என் மீனு கவர்ல வந்தது” என்றார் அவர்.

அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பிழையில்லை. மீன் வளர்ப்பைப் பற்றி நான் படித்த பல பக்கங்கள் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருந்தன. தமிழ்நாட்டு ஏரிகளில் இன்று அதிகம் விலை போகிற மீன்களில் ஒன்று கட்லா. அது எந்த ஏரியிலும் பிறப்பதில்லை. ஏரியில் இருக்கும் கட்லா யாரோ ஒருவர் ஊசி போட்டுப் பிறக்கவைத்த மீன். அந்த ஊசி பிறந்த கதைதான் இது.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கெண்டைக் குடும்பத்து மீன்கள். கங்கை, பிரம்மபுத்திரா போன்ற வடக்குப் பேராறுகள்தான் இவற்றின் பூர்விகம். கட்லா தெற்கே கோதாவரி, கிருஷ்ணா வரைக்கும் இருந்தது. காவிரிக்கு அது சொந்த மீன் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மனிதர்கள் அதைத் தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கென்று தனி அமைப்பு தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியின் முயற்சியில் 1907-ல் அது உருவானது. அதற்கு முன் நம் ஏரி மீன் என்றால் சேல் கெண்டை, வெண்கெண்டை, கெளுத்தி, விரால், குரவை, அயிரை. ஏரி நிரம்பும்போது ஓடை வழியாக வரும். வற்றும்போது மடுவிலும் சேற்றிலும் தங்கும். அடுத்த மழைக்குத் தானே பெருகும். குஞ்சு வாங்கி விட வேண்டும் என்ற பேச்சே கிடையாது.

கட்லாவின் வழக்கம் வேறு. ஆறு வெள்ளமெடுத்துக் கரை புரண்டு, புல்லும் மண்ணுமாகக் கிடந்த தாழ்ந்த நிலத்தில் புதுத்தண்ணீர் ஆழமில்லாமல் பரவும்போதுதான் அது முட்டையிடும். தென்மேற்குப் பருவமழையில், ஆனி, ஆடி மாதங்களில் வடக்கே ஆறுகள் பெருகும் நேரம் அது. பெண் மீன் முட்டையைத் தண்ணீரில் விடும், ஆண் மீன்கள் அதன்மேல் விந்தைப் பாய்ச்சும். முட்டை தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருத்துவிடும். ஆத்தூர்ப் பக்கம் ஆலைகளில் வறுத்து எடுக்கும் ஜவ்வரிசியை ஊறவைத்தால் எப்படி இருக்குமோ அப்படி, நடுவில் ஒரு புள்ளியோடு, கண்ணாடி போல. எதிலும் ஒட்டாது. ஓடும் தண்ணீரோடு மிதந்து போய்க்கொண்டே பொரிக்கும்.

இதே கட்லாவை ஏரியிலோ குளத்திலோ விட்டால் நன்றாகத் தின்று நன்றாக வளரும். பருவம் வந்தால் வயிற்றில் முட்டையும் நிறையும். கிலோவுக்கு லட்சத்துக்கும் மேலே. ஆனால் முட்டை கடைசிப் படி வரை முற்றி, அங்கேயே நின்றுவிடும். தேங்கிய தண்ணீரில் வெள்ளம் இல்லை, ஓட்டம் இல்லை, புதுமண் வாசம் இல்லை. ‘நேரம் வந்துவிட்டது’ என்று மூளைக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மூளை சொல்லாமல் அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரக்காது. அது சுரக்காமல் முட்டை வெளியே வராது. காத்திருந்து காத்திருந்து, கடைசியில் அத்தனை முட்டையையும் மீனின் உடம்பே கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். இதைத்தான் இந்திய மீன் வளர்ப்பின் மிகப் பெரிய பூட்டு என்று நான் நினைக்கிறேன்.

பூட்டைத் திறக்கத் தெரியாத காலத்தில் வேறு வழி பார்த்தார்கள். வங்காளத்தில் பாங்குரா, மேதினிப்பூர் பக்கம் சரிவு நிலத்தில் கரை எழுப்பி, மழைத் தண்ணீர் பாய்ந்து வரும்போது அதில் தாய் மீனை விட்டு ஆறு என்று அதை நம்பவைத்தார்கள். பந்த் என்று அதற்குப் பெயர். ஆனால் நாட்டுக்குத் தேவையான குஞ்சில் பெரும்பகுதி ஆற்றிலிருந்துதான் வந்தது. வெள்ளக் காலத்தில் கங்கையின் கரையோரம் புனல் வடிவ வலைகளைக் கட்டி, ஓட்டத்தில் மிதந்து வரும் முட்டையையும் நுண்குஞ்சையும் பிடித்தார்கள். மண்பானையில் ஊற்றி, ரயிலில் ஏற்றி, தண்ணீரில் காற்று கலக்க வழியெல்லாம் கையால் அலசிக்கொண்டே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பானைக்குள் இருப்பது கட்லாவா, கட்லாவைத் தின்னும் மீனா என்று அந்த அளவில் பிரித்துச் சொல்ல முடியாது. குளத்தில் விட்டு மாதக்கணக்கில் வளர்த்த பிறகுதான் தெரியும். வழியில் செத்தது பாதி, வேண்டாத மீன் பாதி. தென்கோடியில் இருந்த ஒரு கிராமத்து ஏரிக்கு அந்தப் பானை வந்து சேரவே வழியில்லை.

சாவி எங்கே இருக்கிறது என்ற துப்பு கிடைத்தது கடல் கடந்த நாட்டில். அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே, பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், 1930-ல் ஒரு மீனின் பிட்யூட்டரியை இன்னொரு மீனுக்குச் செலுத்தினால் அதன் இனப்பெருக்க உறுப்புகள் விழித்துக்கொள்வதைக் காட்டினார். 1934-ல் பிரேசிலின் ரொடோல்ஃபோ ஃபான் ஈரிங் அதே வழியில் ஆற்று மீன்களை முட்டையிடவைத்தார். இந்தியாவில் 1937-லேயே பஞ்சாபின் ஹமித் கான் மிர்காலுக்குப் பாலூட்டிகளின் பிட்யூட்டரியைச் செலுத்திப் பார்த்தார். அது கைகூடவில்லை. மாட்டின் சாவி மீனின் பூட்டுக்குப் பொருந்தவில்லை. மீனுக்கு மீனின் சுரப்பிதான் வேண்டும். இந்த ஒரு விஷயம் உறுதிப்பட இன்னும் இருபது வருஷம் ஆனது.

அதை உறுதிப்படுத்தியவர் ஹீராலால் சௌதுரி. 1921-ல் சில்ஹெட் பகுதியில் பிறந்தவர். அது இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. ஆறும் ஏரியும் மீனுமாகவே வாழும் மண். மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் குளத்து மீன் வளர்ப்புப் பிரிவு ஒடிசாவின் கட்டக்கில் இருந்தது. அங்கே அவர் வேலை பார்த்தார். அவரோடு நின்றவர் கேரளத்தைச் சேர்ந்த கே. எச். அலிக்குஞ்ஞி. எடுத்த எடுப்பில் கட்லா, ரோகு என்று போகாமல், விரல் நீளம்கூட இல்லாத சின்ன மீன்களில் 1955-ல் சோதித்துப் பார்த்தார் சௌதுரி. பெரிய கெண்டையின் பிட்யூட்டரிச் சாற்றைச் செலுத்தியதும் அந்தச் சின்ன மீன்கள் முட்டையிட்டன. அதற்குப் பிறகும் இரண்டு பருவம் உழைக்க வேண்டியிருந்தது. 1957 ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவின் அங்குலில், தேங்கிய தண்ணீரில் வைத்த பெருங்கெண்டைகள் முட்டையிட்டன. நாட்டில் அதுவரை நடக்காதது. இன்று ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடப்படுவது அதனால்தான்.

எப்படிச் செய்தார்கள் என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இதில் விஞ்ஞானத்துக்கு இணையாகக் கைவேலை இருக்கிறது.

முதலில் சுரப்பி வேண்டும். முற்றிய கெண்டையின் தலை ஓட்டைக் கத்தியால் மேலிருந்து சீவித் திறந்தால் கொழுப்புக்கு நடுவில் வெள்ளை மூளை தெரியும். முனை மழுங்கிய இடுக்கியால் மூளையை மெல்லத் தூக்கினால், அதற்கு அடியில் ஓர் எலும்புக் குழி. குழியின்மேல் மெல்லிய சவ்வு. சவ்வை விலக்கினால் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, வெண்மையாக ஒரு மணி. அதுதான் பிட்யூட்டரி. உடையாமல் எடுக்க வேண்டும், நசுங்கினால் போயிற்று. எடை சில மில்லிகிராம்தான். எடுத்தவுடன் சுத்தமான ஆல்கஹாலில் போடுவார்கள். ஆல்கஹால் அதிலுள்ள நீரையும் கொழுப்பையும் இழுத்துவிட, மணி கெட்டியாகும். ஒரு நாள் கழித்து ஆல்கஹாலை மாற்றி, இருண்ட குப்பியில் குளிர்ச்சியாக வைத்தால் அடுத்த வருஷம் வரைகூடத் தாங்கும்.

அடுத்து ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய வேண்டும். பருவத்தில் பெண் மீனின் வயிறு மெத்தென்று புடைத்திருக்கும். ஆண் மீனின் முன்துடுப்பின் உட்புறத்தை விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். அரும்பாவூர்ப் பட்டறையில் செதுக்கிய சிலையைத் தேய்க்கிறார்களே, அதே உப்புத்தாள். பெண்ணின் துடுப்பு வழவழப்பாக இருக்கும். கண்ணைவிட விரல்தான் இதில் சரியாகச் சொல்லும்.

மாலையில் சுரப்பியைக் குப்பியிலிருந்து எடுத்து, உலர்த்தி, எடை போட்டு, காய்ச்சி வடித்த நீரில் அரைத்து, தெளிந்த சாற்றை மட்டும் ஊசியில் ஏற்றுவார்கள். பெண் மீனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சுரப்பிக் கணக்கில் முதல் ஊசி. செதிலுக்கு அடியில் ஊசி முனையை நுழைத்துச் சதையில் போட வேண்டும். மீனை ஈரத் துணியிலோ கைவலையிலோ அசையாமல் பிடித்திருக்க ஒருவர் வேண்டும். ஆறு மணி நேரம் கழித்து, அதாவது நள்ளிரவு வாக்கில், பெண்ணுக்கு 5 முதல் 8 மில்லிகிராம் கணக்கில் இரண்டாவது ஊசி. அதே நேரம் ஆணுக்கு ஒரே ஊசி, 2 முதல் 3 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று சேர்த்து, ஹாப்பா என்று சொல்கிற துணித் தொட்டியில் விடுவார்கள். நாலு மூலையிலும் கழி நட்டு, குளத்துக்குள் கொசுவலை கட்டினது போல நிற்கும் தொட்டி அது.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். மூன்று மணி நேரமோ ஆறு மணி நேரமோ ஆகலாம். விடிவதற்கு முன் ஹாப்பாவுக்குள் தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்கும். ஆண் மீன்கள் பெண்ணை முட்டித் துரத்தும் சத்தம். வெளிச்சம் வந்ததும் துணியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பார்த்தால், அடியில் ஊறிய ஜவ்வரிசி குவிந்து கிடக்கும். பதினைந்து, பதினெட்டு மணி நேரத்தில் ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு நூலிழை துடிக்கத் தொடங்கி, முட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மூன்று நாள் தன் வயிற்றில் ஒட்டியிருக்கும் கருவுணவில் வாழும். அதுதான் நுண்மீன் குஞ்சு. இரண்டு வாரத்தில் இளங்குஞ்சு, இரண்டு மூன்று மாதத்தில் விரல் அளவுக்கு வளர்ந்து விரலி.

கட்லா இதற்குச் சுலபத்தில் மசியாத மீன். ரோகுவும் மிர்காலும் ஊசிக்கு இணங்கிய பிறகும் கட்லா பல வருஷம் பண்ணைக்காரர்களைச் சோதித்தது. வானிலை சரியில்லை என்றாலும் முட்டையிடாது. தாய் மீனைக் கையாளும்போது கொஞ்சம் மிரண்டாலும் முட்டையிடாது. இன்றும் பண்ணைகளில் ‘கட்லா போட்டாச்சா?’ என்று கேட்பதில் ஒரு தனி எதிர்பார்ப்பு இருக்கும்.

அதே 1957-ல் அதே கட்டக்குக்கு இன்னொரு மீன் வந்து இறங்கியது. அதுதான் பையனின் தூண்டிலில் மாட்டிய மீசைக்கார மீன், சாதாக்கெண்டை. அது வந்தது பாங்காக்கிலிருந்து. அதற்கு முன்பே இதன் ஜெர்மன் வகை ஒன்று 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து உதகையின் குளிர்ந்த நீரில் தங்கிவிட்டது. அங்கங்கே மட்டும் பெரிய செதில் வைத்த கண்ணாடிக் கெண்டை அது. சமவெளிக்கு ஏற்றது பாங்காக் வகைதான். இந்தியா முழுக்கக் குளங்களில் பரவியதும் அதுவே.

சாதாக்கெண்டைக்கு வெள்ளமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். தேங்கிய தண்ணீரில், தைக்கும் பங்குனிக்கும் இடையே வெயில் ஏறத் தொடங்கும்போது தானே முட்டையிடும். ஆடி, ஆவணியில் இன்னொரு தடவை. இதன் முட்டை ஒட்டும் முட்டை. கரையோரப் பாசியிலும் கோரைத் தாளிலும் ஒட்டிக்கொண்டு அங்கேயே பொரிக்கும். மாசிக் காலையில் கோரைக்குள் முதுகு தெரியும்படி மீன்கள் சளசளவென்று புரளும் சத்தத்தை ஏரிக்கரையில் நடப்பவர்கள் கேட்டிருப்பார்கள். அது இதன் கல்யாணச் சத்தம். வடக்கு ஆறுகளில் பிறந்த நம் நாட்டுக் கட்லாவுக்கு ஏரியில் குடும்பம் நடத்தத் தெரியவில்லை. பாங்காக்கிலிருந்து வந்த மீன் வந்த இடத்தையே தாய்வீடாக்கிக்கொண்டது.

இந்த இரண்டு மீனும் தின்னும் விதத்திலும் வேறுபாடு உண்டு. தூண்டில்காரர்களுக்கு அது கைகொடுக்கும். கட்லா மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வாயால் வடிகட்டித் தின்னும். மேல்நோக்கிய வாய் அதற்குத்தான். சாதாக்கெண்டை தரையைக் கிளறித் தின்னும். மீசையால் தடவி, சேற்றை உறிஞ்சி, வேண்டியதை வைத்துக்கொண்டு மிச்சத்தைத் துப்பும். குமிழி வருவது அதனால். பையன் குமிழிக்கு முன்னால் மாவை வீசினானே, அது இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வீசியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்போது சிலர் முள்ளில் இறகு கட்டிய பூச்சித் தூண்டிலை வைத்தே கெண்டை பிடிக்கிறார்கள். குளிர் விடைபெறும் மாதங்களில், வெயில் படும் ஆழமில்லாத ஓரங்களுக்குக் கெண்டை வரும்போது, சேற்றைக் கிளறும் அதன் மூக்குக்கு முன்னால் அந்த இறகை மெல்ல இறக்குவார்கள். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ் நம் நீர்நிலைகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-ல் ஒரு புத்தகமும், ஏரி, குளங்களுக்கென்றே 1887-ல் இன்னொரு புத்தகமும் எழுதினார். அவர் எழுதிய காலத்தில் நம் ஏரிகளில் கட்லாவும் இல்லை, சாதாக்கெண்டையும் இல்லை. ஆனால் மீன் மேயும் இடத்தைப் பார்த்து அதற்கு ஒரு முழம் முன்னால் வீச வேண்டும் என்ற பாடத்தில், இறகுத் தூண்டிலுக்கும் மைதா மாவுக்கும் வித்தியாசமில்லை.

ஊசிக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959-ல் புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் வெளிநாட்டிலிருந்து வந்தன. மேல்மட்டம், நடுமட்டம், தரை என்று வெவ்வேறு இடத்தில் மேயும் ஆறு மீன்களை ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கும் கூட்டு மீன் வளர்ப்பை 1971-ல் தொடங்கிய அகில இந்தியத் திட்டம் ஊர் ஊராகக் கொண்டுபோனது. சீன முறையில் வட்டத் தொட்டிகள் வந்தன. அவற்றில் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கும். முட்டை ஆற்றில் மிதப்பது போலவே மிதக்கும். 1980-களின் பிற்பகுதியில் ஓவாப்ரிம் என்ற தயார்நிலை மருந்து வந்தது. மண்டையைத் திறக்க வேண்டாம், ஆல்கஹால் வேண்டாம், நள்ளிரவில் இரண்டாவது ஊசி வேண்டாம். மாலையில் ஒரே ஊசி போதும். இப்படித்தான் மேட்டூர், பவானிசாகர், கீழணை போன்ற இடங்களில் உள்ள அரசுப் பண்ணைகளிலும், எத்தனையோ தனியார் பண்ணைகளிலும் மீன்குஞ்சு உற்பத்தி சாதாரண வேலையாகிவிட்டது.

அந்தக் குஞ்சுதான் கவரில் வருகிறது. பெரிய பாலித்தீன் பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சத்துக்கு ஆக்சிஜன் அடைத்து, வாயை ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டுவார்கள். சரக்கு வண்டியில் வரும். அந்தி சாயும் நேரமோ விடிகாலையோ, வெயில் ஏறாத பொழுதில் ஏரிக்கு வந்து சேர வேண்டும். பையைப் பிரித்துக் கொட்டினால் குஞ்சு தாங்காது. பையை அப்படியே ஏரித் தண்ணீரில் கால் மணி, இருபது நிமிஷம் மிதக்கவிட வேண்டும். உள்ளிருக்கும் தண்ணீரின் சூடும் வெளித் தண்ணீரின் சூடும் ஒன்றாகும் வரை. பிறகு வாயை அவிழ்த்து, ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேறும். பயிரைப் போலவே இதற்கும் காலக் கணக்கு உண்டு. ஆடியில் பிறந்த குஞ்சு, பண்ணைக் குளத்தில் விரலியாக வளர்ந்து, ஏரி நிரம்பும் ஐப்பசி, கார்த்திகைக்கு வந்து சேரும். மாசியில் முக்கால் கிலோவாகப் பெரியவரின் ஒயர் பையில் இருக்கும். ஏரி வற்றி, குத்தகைக்காரர் கடைசி வலை இழுத்தால் கதை முடிந்தது. அடுத்த ஐப்பசிக்கு மறுபடி கவர்.

ஹீராலால் சௌதுரி பிறகு பல நாடுகளுக்குப் போய் இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தார். 2014 செப்டம்பரில் தொண்ணூற்று இரண்டு வயதில் மறைந்தார். அவர் பெயர் நம் பள்ளிப் பிள்ளைகளின் காதில் விழுவதில்லை. வாரம் ஒரு தடவை ஏரி மீன் குழம்பு வைக்கும் வீட்டிலும் அவரைத் தெரியாது. சாப்பாட்டில் புரதம் சேர்த்த ஒரு மனிதரை இவ்வளவு முழுமையாக நாம் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. நெல்லுக்கு உழைத்தவர்களை நினைவு வைத்திருக்கும் நாடு, மீனுக்கு உழைத்தவரையும் நினைவு வைத்திருக்க வேண்டும்.

ஆனால் கவருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. குஞ்சு வாங்கி விடுவது வழக்கமான பிறகு, ஏரியில் எப்போதும் இருந்த சின்ன மீன்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புதிதாகக் குஞ்சு விடுவதற்கு முன் ‘களை மீன்’ என்று சொல்லி அவற்றை ஒழித்துக்கட்டுகிறவர்களும் உண்டு. 1952-ல் மண்டபத்துக்கு வந்த ஜிலேபிக் கெண்டை ஊரெங்கும் பரவி, இருக்கும் இரையை அடித்துக்கொண்டு போகிறது. சாதாக்கெண்டை தரையைக் கிளறித் தண்ணீரைக் கலக்குகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே அயிரையும் குரவையும் வெண்கெண்டையும் ஒதுங்க இடம் குறைந்துகொண்டே வருகிறது. கட்லா இந்த வருஷம் இல்லாமல் போனால் அடுத்த வருஷம் காசு கொடுத்து வாங்கலாம். அயிரைக் குஞ்சு ஒரு பை வேண்டும் என்று எந்தப் பண்ணையில் போய்க் கேட்பது?

அதனால் அரும்பாவூர்க்காரர்களுக்கும், மாசி, பங்குனியில் ஏரியில் இறங்கும் எல்லா ஊர்க்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குத்தகை மீனைப் பிடியுங்கள். கட்லாவை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள், அது எடுப்பதற்காகவே விட்ட மீன். ஆனால் தண்ணீர் வற்றி, மதகுக்குப் பக்கத்தில் கடைசியாக ஒரு மடு மிஞ்சும் இல்லையா, அந்த மடுவை இறைக்காதீர்கள். சல்லடை வலை போட்டு அதை வாரி எடுக்காதீர்கள். கவரில் வராத மீன்கள் அதில்தான் அடுத்த மழைக்குக் காத்திருக்கின்றன.